சத்திரக்காரனுக்கு ஒரு வசனமும் இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு மறைக்கல்விப் பிள்ளையளின்ர நாடக ஒத்திகை பாக்க நிண்டன். நல்ல சமாரியன் கதை. எத்தினை தரம் பாத்தாலும் அலுக்காத கதை.

பாத்து முடிய எனக்குச் சரியான கோபம்.

கள்ளருக்கு நாலு பிள்ளையள். குரு ஒராள், லேவியர் ஒராள். அடிபட்டுக் கிடக்கிறவர் ஒராள் (அவர் நல்லாக் கிடந்தார், சிரிக்கவே இல்லை). சமாரியனுக்குப் பளபளவெண்டு ஒரு துண்டு. கழுதைக்கு ரெண்டு பேர். முன்காலுக்கு ஒராள், பின்காலுக்கு ஒராள். மன்னார் டவுன்ல பஸ் ஸ்டாண்டடியில கழுதையளோட வளர்ந்த பிள்ளையள்தானே, காதை ஆட்டுறதில இருந்து றோட்டு நடுவில அசையாமல் நிக்கிறது வரைக்கும் அச்சொட்டாச் செய்தினம். சபையே கை தட்டிச்சு.

கழுதை மேடையை விட்டு இறங்கினதோட நாடகம் முடிஞ்சுது. பாட்டு. கும்பிடு.

சத்திரக்காரன் எங்க?

கேட்டன். "அவருக்கு வசனம் ஒண்டும் இல்லைதானே, நேரமும் காணாது, அதால வெட்டிட்டம்" எண்டு பதில் வந்துது.

கழுதைக்கு ரெண்டு ஆள் இருக்கு. சத்திரக்காரனுக்கு ஒராளும் இல்லை. வீட்ட வந்தும் இது மனசை விட்டுப் போகேல்லை. அதுதான் எழுதுறன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

லூக்கா நற்செய்தி 10ஆம் அதிகாரத்தை எடுத்து ஒருக்கா ஆறுதலா வாசிச்சுப் பாருங்கோ. பிரசங்கமா நினைக்காமல், ஒரு சிறுகதையா. நாலு நற்செய்தியில லூக்கா மட்டுந்தான் இந்தக் கதையைச் சொல்லுறார். ஒரு திருச்சட்ட அறிஞர் கேள்வி கேக்கிறார், அதுக்குப் பதிலா வாற கதை. ஒருத்தருக்கும் பேர் இல்லை. அடிபட்டவர் ஆர், என்ன தொழில், ஏன் தனிய வந்தவர், ஒண்டும் இல்லை. றோட்டுக்கு மட்டும் பேர் இருக்கு, எருசலேமில இருந்து எரிக்கோவுக்குப் போற றோட்டு. இருபத்தைஞ்சு கிலோமீற்றர் கிட்ட வரும், கிட்டத்தட்ட ஆயிரம் மீற்றர் இறக்கம், ரெண்டு பக்கமும் வறண்ட மலை. கள்ளர் ஒளிச்சிருக்கத் தோதான இடம்.

அடிபட்டுக் கிடக்கிறவரைக் கண்டும் குருவும் லேவியரும் விலகிப் போகினம். பிறகு சமாரியன் வாறார். காயத்தில எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டுறார். தன்ர மிருகத்தில ஏத்துறார். சத்திரத்துக்குக் கொண்டுபோய் அண்டைக்கு இரவு தானே பாக்கிறார். (இதையும் கனபேர் கவனிக்கிறேல்லை. அந்த இரவு முழுக்க அவர்தான் பாத்தவர்.)

மற்ற நாள்தான் நான் சொல்ல வாற இடம். சமாரியன் ரெண்டு தெனாரியத்தை எடுத்துச் சத்திரக்காரனிட்டக் குடுக்கிறார். இந்த ஆளைப் பாத்துக்கொள்ளச் சொல்லுறார். இதுக்கு மேல செலவானால் திரும்பி வரேக்க தாறன் எண்டுறார். அவ்வளவுதான். கதை முடிஞ்சுது.

சத்திரக்காரன் ஓம் எண்டவனா? இல்லை எண்டவனா? காசை எண்ணிப் பாத்தவனா? ஒண்டும் எழுதேல்லை.

தெனாரியம் எண்டுறது ஒரு நாள் கூலி. மத்தேயுவில திராட்சைத் தோட்டக் கூலியாக்களின்ர கதையில அந்தக் கணக்கு வருது. அப்ப ரெண்டு நாள் கூலிக் காசு இவன்ர கையில இருக்கு. இனி யோசியுங்கோ. அடிச்சுக் குற்றுயிரா விட்ட ஆள். புண் பழுக்கும். காய்ச்சல் வரும். இரவில அனுங்குவார். மலசலம் படுக்கையிலதான் போகும். துணி தோய்க்கோணும், கஞ்சி பருக்கோணும். இது ரெண்டு நாளில முடியிற வேலையா? வீட்டில விழுந்து இடுப்பு முறிஞ்ச ஒரு கிழவியைப் பராமரிச்ச ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ, சொல்லுவினம்.

கொண்டந்த ஆளோ சமாரியன். யூதருக்கும் அவைக்கும் ஆகாது. அவன் திரும்பி வருவான் எண்டதுக்கு என்ன உறுதி? ஒரு துண்டு எழுத்துக் கூட இல்லை. நாளைக்குக் காயப்பட்டவரின்ர சொந்தக்காரர் வந்து, நீதானே அடிச்சுப் போட்டு வச்சிருக்கிறாய் எண்டு கேட்டால், அகப்படுறது ஆர்? கண்ணுக்கு முன்னால நிக்கிற சத்திரக்காரன்தான்.

கதைக்கு வெளிய வாற எல்லா நாளும் இவன்ர நாள். சமாரியன்ர பங்கை நான் குறைக்கேல்லை, சத்தியமா இல்லை. ஆனால் அவர் பயணம் போறவர், போய்ட்டார். தங்கினது இவன்.

இவனை ஒருத்தருமே கவனிக்கேல்லை எண்டும் சொல்லேலாது. புனித அகுஸ்தீன் இந்தக் கதைக்கு ஒரு விளக்கம் எழுதினவர். அதில சமாரியன் கிறிஸ்து, சத்திரம் திருச்சபை, சத்திரக்காரன் புனித பவுல். நல்ல விளக்கம்தான். ஆனால் பவுல் எண்டு சொன்ன உடன சத்திரக்காரன் காணாமல் போயிடுறான். எனக்குப் பவுல் வேண்டாம். கஞ்சி காய்ச்சிற அந்த ஆள்தான் வேணும்.

அந்த ஆளை நான் கண்டது ரெம்பிராண்ட்டின்ர ஒரு செதுக்குப் படத்தில. 1633இல செய்தது. இன்டர்நெற்றில தேடினால் பெரிசாவே பாக்கலாம், பாருங்கோ. அடிபட்டவரை ஒரு வேலைக்காரன் குதிரையில இருந்து தூக்கி இறக்கிறான். இன்னொரு பொடியன் கடிவாளத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். பின்னால ஒரு மனிசி கிணத்தில தண்ணி அள்ளுறா, திரும்பிக்கூடப் பாக்கேல்லை. படிக்கு மேல வாசல்ல கிழட்டுச் சத்திரக்காரன் நிக்கிறான். சமாரியன் அவனோட கதைச்சுக்கொண்டு நிக்கிறார், எங்களுக்கு அவரின்ர முதுகுதான் தெரியுது. நாயகன்ர முகம் தெரியாமல், சத்திரக்காரன்ர முகம் எங்களைப் பாத்த மாதிரிப் படத்தை அமைச்சிருக்கிறார் மனிசன். எனக்கு அது பெரிய சந்தோசம்.

(இடையில ஒரு கதை. கடவுள் வாற கதையளில சின்னப் பாத்திரத்தை எப்பிடி வைக்கிறது எண்டு படிக்கோணும் எண்டால் புதுமைப்பித்தனிட்டப் போகோணும். "கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்" கதையில கந்தசாமிப் பிள்ளை கடவுளையே தன்ர வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாக்காரர் ஆக்கப் பாக்கிற ஆள். பெரிய ஆக்கள் எல்லாருக்கும் ஒரு கணக்கு இருக்கு. வீட்டில இருக்கிற சின்னப்பிள்ளை வள்ளிக்கு மட்டும் ஒரு கணக்கும் இல்லை, வந்தவரோட விளையாடுது. அந்தப் பிள்ளையை எடுத்துவிட்டால் கடவுள் அந்த வீட்டில தங்கிறதுக்கு ஒரு காரணமே இல்லாமல் போகும். கதையில வள்ளிக்குக் கிடைச்ச இடம் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்திலதான் கதை நிக்குது.)

சரி, எங்கட ஊருக்கு வாறன்.

மன்னார் ஆக்களுக்கு இது தெரியாத விசயம் இல்லை எண்டுறதுதான் என்ர ஆதங்கம். எங்கட கூத்துகளைப் பாருங்கோ. விடிய விடிய ஆடின நாடகங்கள், சுருக்கி ஆடின வாசாப்புகள், மூவிராசாக்கள், ஞானசௌந்தரி எண்டு எத்தினை. பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில மன்னார் நாடகங்களைத் தேடிப் பதிப்பிச்சிருக்காவிட்டால் பாதி ஏட்டோட போயிருக்கும். அந்தக் கூத்து மேடையில சும்மா நடந்து வந்து நிக்கேலாது. ராசா எண்டாலும் தூதன் எண்டாலும் வரவு வேணும். வரவு விருத்தம், வரவுப் பாட்டு, அதுக்கு ஒரு ஆட்டம், பிறகுதான் கதை. நான் ஆர், என்னத்துக்கு வந்தனான் எண்டு பாடித்தான் வருவினம். கட்டியகாரன் வந்தாலே சபை நிமிர்ந்து இருக்கும். சின்ன வேசம் கட்டின மனிசன் கூத்து முடிஞ்சு அம்பது வருசத்துக்குப் பிறகும் ஊருக்குள்ள அந்தப் பேராலதான் கூப்பிடப்படுவார்.

அப்பிடிப்பட்ட ஊரில, வசனம் இல்லை எண்டு ஒராளை வெட்டுறதோ?

அதை விடப் பெரிய காரணம் ஒண்டு இருக்கு. எங்கட றோட்டே எரிக்கோ றோட்டுத்தான்.

கோப்பிக் காலத்தில, 19ஆம் நூற்றாண்டில, தமிழ்நாட்டில இருந்து தோட்டத்துக்கு வந்த சனம் இந்தக் கரையிலதான் வந்து இறங்கினது. இறங்கி நடந்தது. மன்னாரில இருந்து மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை. நூறு மைலுக்கு மேல, கூடுதலாக் காடு. தண்ணி இல்லை. கொலரா, காய்ச்சல். நடக்க ஏலாமல் விழுந்த ஆக்களை விட்டுட்டுப் போன கதையளும், வழியிலேயே செத்த ஆக்களின்ர கதையளும் மலையகத்தில இண்டைக்கும் சொல்லுவினம். பிறகு கடலுக்கு அங்கால மண்டபம் எண்ட ஊரில இலங்கை அரசாங்கம் ஒரு முகாம் நடத்தினது. தோட்டத்துக்கு வாற ஆக்களை நோய் இருக்கோ எண்டு மறிச்சு வச்சுப் பாத்து அனுப்பின இடம். அதே மண்டபம் முகாமிலதான் 1983க்குப் பிறகு எங்கட ஆக்கள் அகதியாப் போய்த் தங்கினவை. தலைமன்னாரிலயும் பேசாலையிலயும் இரவில வள்ளம் ஏறி, மணல் தீடையில இறக்கிவிடப்பட்டு, விடியும் வரைக்கும் தண்ணிக்கு நடுவில நிண்டு போனவை. வள்ளம் ஓட்டினவரைப் பற்றிக் கதை இருக்கு. முகாமில பத்து வருசம் அரிசி அளந்து குடுத்தவரைப் பற்றி ஆர் கதைக்கினம்?

1990 ஆனியில சண்டை திரும்பத் தொடங்கின உடன பெருநிலப்பரப்பில இருந்து சனம் மடுவுக்கு ஓடிச்சு. பேசாலைக்கும் வந்துது. யு.என்.எச்.சி.ஆர். அந்த வருசம் மடுவிலயும் பேசாலையிலயும் திறந்த நிவாரண நிலையம் எண்டு நடத்தினது. மடு மாதாவின்ர திருநாளுக்கு நாலு நாள் கொட்டில் போட்டுத் தங்கிற அந்தக் காட்டு வளவிலதான் சனம் வருசக்கணக்கா இருந்தது. 1999 நவம்பரில மடுக் கோயிலிலயே ஷெல் விழுந்து, அடைக்கலம் தேடிப் போன சனம் செத்தது. சத்திரமும் பாதுகாப்பு இல்லை எண்டு ஆன நாள் அது.

எங்கட அம்மம்மா வீடு பேசாலைப் பக்கம். 1990இல அவ வீட்டில மூண்டு குடும்பம் வந்து இருந்தது. சொந்தம் இல்லை. ஒராளின்ர பேரும் முந்தித் தெரியாது. முதல் கிழமை ஊரே சோறு கொண்டந்து குடுத்தது எண்டு அம்மம்மா சொல்லுவா. "ரெண்டாம் கிழமை ஒருத்தரும் வரேல்லை மோனை. அவையும் பாவம், அவையின்ர வீட்டிலயும் ஆக்கள்." பிறகு முழுக்க அவதான். குசினிக்குப் பின்னால கல்லு வச்சு இன்னும் ரெண்டு அடுப்பு. கிணத்தில நல்ல தண்ணி கொஞ்சம்தான் ஊறும், அதால விடியக் காலமை நாலு மணிக்கு எழும்பி முதல்ல குழந்தையளுக்கு அள்ளி வைப்பாவாம். இரவில பயந்து எழும்பி அழுற ஒரு பொடியன் இருந்தவன், தினமும் பாயை நனைச்சுப் போடுவான். அந்தப் பாயை மற்றாக்கள் எழும்ப முதல் எடுத்துக் கழுவி வேலியில போட்டிடுவா, பொடியனுக்கு வெக்கம் எண்டு. அந்தப் பாய்க்கு ஒரு தெனாரியமும் ஒருத்தரும் குடுக்கேல்லை.

அம்மம்மாவை நாங்கள் ஒருநாளும் நல்ல சமாரியன் எண்டு சொன்னதில்லை. அவ சமாரியன் இல்லைதான். அவ றோட்டில போய் ஒருத்தரையும் தூக்கேல்லை. வீட்டு வாசலுக்கு வந்த ஆக்களை இருக்க விட்டவ.

இன்னொரு சத்திரம் இருக்கு. இதை எங்கட பக்கம் கதைக்கிறது குறைவு. கதைக்கோணும்.

அதே 1990, ஒக்டோபர் கடைசி. வடக்கில இருந்த முஸ்லிம் சனம் முழுப்பேரையும் வெளிக்கிடச் சொல்லிப் புலிகள் கட்டளை போட்டினம். 75,000 பேர் வரைக்கும். மன்னார்த் தீவில எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம் எண்டு பரம்பரை பரம்பரையா எங்களோட இருந்த சனம். நகை, சாமான், வீடு எல்லாத்தையும் விட்டுட்டுக் கடற்கரையில வந்து நிண்டு, வள்ளத்தில கல்பிட்டிக்குப் போச்சினம். அந்த றோட்டில, அந்தக் கடலில, குருவும் லேவியரும் மாதிரி விலகிப் போன ஆக்கள் எங்களுக்குள்ள எத்தினை பேர் எண்டு நான் சொல்லத் தேவையில்லை. தடுக்கப் பாத்த ஆக்களும் இருந்தினம், அதையும் சொல்லோணும்.

கல்பிட்டியிலயும் புத்தளத்திலயும் அந்தச் சனத்தை ஏத்தது ஆர்? அங்க இருந்த சனம். பள்ளிவாசலைத் திறந்து விட்டினம், பள்ளிக்கூடத்தைத் திறந்து விட்டினம், வீட்டில சமைச்சுக் கொண்டந்து குடுத்தினம். தென்னங்காணியளில கிடுகுக் கொட்டில் போட இடம் விட்டினம். ஒரு மாசம், ரெண்டு மாசம் எண்டுதான் எல்லாரும் நினைச்சது. சண்டை முடிய 2009 ஆச்சு. பத்தொன்பது வருசம். 

அதுக்குள்ள கிணத்துத் தண்ணிக்குப் பிரச்சினை வந்துது. பள்ளிக்கூடத்தில இடத்துக்கு வந்துது. கூலி வேலைக்குப் போட்டி, காணிக்குப் போட்டி. வந்த சனத்துக்கும் இருந்த சனத்துக்கும் மனக்கசப்பு வந்தது உண்மை. இதைச் சொல்லி, பாத்தியளா அவையும் அலுத்துப் போச்சினம் எண்டு கதைக்கிற ஆக்களைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். அலுக்காமல் என்ன செய்யும்? ரெண்டு நாள் கூலியைக் குடுத்து, பத்தொன்பது வருசம் பாத்துக்கொள் எண்டால் எந்தச் சத்திரக்காரனுக்கும் அலுக்கும். அலுப்போடயும் அந்தக் கிணத்தில தண்ணி அள்ள விட்டினம்தானே. அதைத்தான் நான் பாக்கிறன். திரும்பி மன்னாருக்கு வந்த ஆக்களும் இருக்கினம், புத்தளத்திலயே வீடு கட்டிப் பிள்ளை குட்டியோட இருந்திட்ட ஆக்களும் இருக்கினம்.

சரி, நாடகத்துக்கு என்ன நடந்தது எண்டு கேப்பியள்.

நான் போய்க் கேட்டு, சத்திரக்காட்சியை எழுதித் தாறன் எண்டு பொறுப்பை வாங்கிக்கொண்டு வந்தன். எழுத இருந்தாப் பிறகுதான் தெரிஞ்சுது, இது லேசான வேலை இல்லை.

முதல் எழுதினதில சத்திரக்காரன் காசாசை பிடிச்ச ஆளா வந்தான். "ரெண்டு காணாது, நாலு தா" எண்டு பேரம். பிள்ளையள் சிரிப்பினம், ஆனால் கதை கெட்டுப் போகும். கிழிச்சாச்சு.

அடுத்ததில ஒரேயடியாப் புனிதன் ஆக்கிட்டன். "காசு வேண்டாம் ஐயா, இது என் கடமை" எண்டு ஒரு பெரிய வசனம். வாசிக்கவே சகிக்கேல்லை. காசு வாங்கினவன்தான் சத்திரக்காரன். வாங்கினது பிழையும் இல்லை. அவனுக்கும் அடுப்பு எரியோணும். திருத்தந்தை பிரான்சிஸ் 2020இல எழுதின சுற்றுமடலில இந்தக் கதைக்கு ஒரு அதிகாரமே இருக்கு. சமாரியனும் தனிய எல்லாத்தையும் செய்யேல்லை, பாக்கிறதுக்கு ஒரு சத்திரக்காரனைத் தேடிப் பிடிச்சவர் எண்டு அதில ஒரு இடத்தில வருது. எனக்கு அந்த இடம் நல்லாப் பிடிக்கும். தேடிப் பிடிக்க ஒரு சத்திரக்காரன் இருந்தபடியால்தானே சமாரியன் நல்ல சமாரியன் ஆனார்.

கடைசியா, சத்திரத்தை மீன் வாடியா மாத்தினன். எங்கட கரையில சீசனுக்கு வாற ஆக்கள் தங்கிற வாடி மாதிரி, கிடுகு, வலைக் குவியல், ஒரு லாம்பு. சத்திரக்காரனுக்கு வசனம் எழுதேல்லை. செய்யிற வேலையை மட்டும் எழுதினன். வலையை ஒதுக்குறான். பாய் விரிக்கிறான். சட்டியில தண்ணி கொண்டாறான். காசை வாங்கி மடியில முடியிறான். சமாரியன் போன பிறகு துணியைப் பிழிஞ்சு நெத்தியில வைக்கிறான். திரும்பவும் பிழிஞ்சு வைக்கிறான்.

அந்த வேசத்துக்கு ஒரு அமைதியான பொடியனைப் போட்டம். ஒத்திகைக்கு நடுவில சட்டியோட நிண்டுகொண்டு கேட்டான்:

"அன்ரி, காசு முடிஞ்சுபோய் இந்த ஆளும் எழும்பேல்லை எண்டால் நான் என்ன செய்யிறது?"

எல்லாப் பிள்ளையளும் திரும்பிப் பாத்தினம். கழுதையின்ர பின்காலும் துணிக்குள்ள இருந்து எட்டிப் பாத்தார். கிடந்தவரும் கண்ணைத் திறந்திட்டார்.

"நீ என்ன செய்வாய்?" எண்டு கேட்டன்.

கொஞ்சம் யோசிச்சிட்டு, "இன்னும் தண்ணி கொண்டருவன்" எண்டான். போய்க் கொண்டந்தான். அதையே நாடகத்தில வச்சிட்டம். வேற முடிவு எழுதேல்லை.

இப்ப எனக்கு ஆசை கூடிட்டுது. இந்தக் கதையை முழுசா ஒரு வாசாப்பா ஆடினால் என்ன? கூத்துப் பழக்கிற, தெரிஞ்ச அண்ணாவியார் ஒராளிட்டப் போய்க் கதைச்சன். வயசான மனிசன், ஆனால் குரல் இன்னும் கணீர் எண்டு இருக்கு. சத்திரக்காரனுக்குக் கட்டாயம் வரவுப் பாட்டு வேணும் ஐயா, அதைத்தான் முதல் எழுதோணும் எண்டன். ஏன் எதுக்கு எண்டு அவர் ஒரு கேள்வியும் கேக்கேல்லை. கண்ணை மூடிக்கொண்டு தொடையில தட்டிப் பாத்தார்.

"ஆள் கையில என்ன கொண்டு வாறார்?"

"தண்ணிச் சட்டி ஐயா."

"அப்ப துள்ளி ஆடேலாது. தண்ணி சிந்தும்" எண்டார். தாளத்தைக் குறைச்சு, திரும்பவும் தட்டத் தொடங்கினார்.